தின்ன ஆளில்லாத பவளப்பாறை

மெரைன் டேங்க் வைத்து நாலைந்து மாதம் ஓடிய பிறகு, பின்பக்க ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பவர்களில் பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. குழாய் வளைவில், பம்பின் அடியில், லைவ் ராக்கின் நிழல் பக்கத்தில், எங்கு பார்த்தாலும் வெளிறிய நிறத்தில் சிறு உருவங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கியது மீனும் பவளமும்தான். இவை எப்போது வந்தன, எதோடு வந்தன என்று தெரியாது. உடனே கடைக்காரருக்குப் போன் பறக்கும். அவரும் ஏதாவது ஒரு மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவார். அந்தப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு லென்ஸை எடுங்கள்.

ஒவ்வொரு உருவமும் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கிய உடல். மேலெல்லாம் மயிர்போல நுண்ணிய முட்கள். உச்சியில் ஒரேயொரு திறப்பு, அதைச் சுற்றி மற்றவற்றைவிட நீளமான முட்கள் ஒரு வரிசை. மீன் தொட்டிக்காரர்கள் இதை அன்னாசிப் பஞ்சு என்பார்கள். பள்ளி விலங்கியலில் ‘துளையுடலிகள்’ பாடத்தில் எடுத்துக்காட்டாகப் பெயர் வருமே, அந்த சைகான் என்ற கடற்பஞ்சுதான் இது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன விலங்கு வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பம்பை நிறுத்துங்கள். தொட்டித் தண்ணீரில் கரைத்த உணவுச் சாயத்தில் ஒரே ஒரு துளியை, பிப்பெட்டால் அதன் பக்கவாட்டில் மெல்ல விடுங்கள். சாயம் சற்று நேரம் அங்கேயே தயங்கி நிற்கும். பிறகு உடலின் பக்கங்கள் அதை உள்ளே இழுக்கும். கொஞ்ச நேரத்தில் உச்சித் திறப்பிலிருந்து நூலிழைபோல வண்ணம் மேலே பீறிடும். 1825-இல் எடின்பரோவில் ராபர்ட் கிரான்ட் என்ற மருத்துவர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கடற்பஞ்சுத் துண்டை வைத்து, இப்படி வெளியே பாயும் நீரோட்டத்தை நுண்ணோக்கியில் கண்டார். அதுவரை இது செடியா, விலங்கா, வேறு பிராணிகள் கட்டிய கூடா என்று அறிஞர்களிடையே வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க வந்த சார்லஸ் டார்வினைக் கடலோரம் அழைத்துப்போய் உயிரினங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் இந்த கிரான்ட்தான்.

அந்த நீரோட்டத்தில்தான் நம் தொட்டிப் பிரச்சினையின் வேர் இருக்கிறது. கடற்பஞ்சுக்கு இதயம், வயிறு, நரம்பு எதுவும் கிடையாது. உடலின் உட்சுவரெங்கும் கழுத்துப்பட்டைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் ஒரு கசையிழை. அதைச் சுற்றி மிக நெருக்கமான நுண்விரல்களால் ஆன பட்டை. இழை அசைய அசைய நீர் உள்ளே வருகிறது, பட்டை சலிக்கிறது. ஒரு கிலோ கடற்பஞ்சு நாளொன்றுக்கு 24,000 லிட்டர் வரை நீரைத் தன் உடல் வழியாகச் செலுத்தும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 400 லிட்டர் தொட்டியென்றால் முழுத் தண்ணீரும் 60 தடவை. அது பிடிப்பது எதை? மீன் தின்று சிந்திய துணுக்குகளையல்ல. அவை அதற்கு மிகப் பெரியவை. ஒரு மைக்ரான் அளவுள்ள பாக்டீரியாக்களைப் பிடிக்கிறது. நாம் சம்ப்பில் மாட்டும் பில்டர் பைகளின் கண் 100, 200 மைக்ரான். அதாவது நம் வடிகட்டி எதை நழுவ விடுகிறதோ, அதுவே கடற்பஞ்சின் சாப்பாடு.

பாக்டீரியாவோடு நிற்பதுமில்லை. நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களையே சில இனங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. பவளமும் பாசியும் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை செய்து, மிஞ்சியதைச் சளியாகவும் சர்க்கரையாகவும் நீரில் கசியவிடுகின்றன. வேறு யாரும் எளிதில் தொட முடியாத அந்தக் கரைசலைக் கடற்பஞ்சு உண்டு, திடத் துகளாக மாற்றி வெளியே தள்ளுகிறது. அதைப் புழுக்களும் கூனிகளும் தின்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர் யாஸ்பர் டெ கூயும் அவருடைய குழுவினரும் 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் இந்தச் சுழற்சியை விளக்கினார்கள். சத்தே இல்லாத தெளிந்த வெப்பமண்டலக் கடலில் பவளத்திட்டு எப்படி இத்தனை உயிர்களுக்குச் சோறு போடுகிறது என்ற பழைய புதிருக்கு அது ஒரு விடை. அதே குழு ஆராய்ந்த ஹாலிசார்கா என்ற கடற்பஞ்சில், கழுத்துப்பட்டைச் செல்கள் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. பழையவை உதிர்ந்துபோகின்றன. கடற்பஞ்சின் அடியில் அன்றாடம் சேரும் பழுப்புத் தூசியில் இந்த உதிரிச் செல்களுக்கும் பங்குண்டு.

இப்போது தொட்டிக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். காலையில் உறைந்த மைசிஸ் இறாலை, அது ஊறிய சாற்றோடு சேர்த்துக் கொட்டுகிறார். மாலையில் பவளத்துக்கென்று அமினோ அமிலம். நைட்ரேட் ஏறிவிட்டதென்று வோட்காவோ வினிகரோ டோசிங் செய்கிறார் (தொட்டிக்குத்தான்). கரிமச்சத்து கிடைத்த பாக்டீரியா பெருகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சும், பிறகு ஸ்கிம்மர் அந்த பாக்டீரியாவை நுரையோடு வெளியேற்றும் என்பது திட்டம். திட்டத்தில் தவறில்லை. ஆனால் ஸ்கிம்மருக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்திருப்பது கடற்பஞ்சு. டோசிங் தொடங்கிய சில வாரங்களில் சம்ப்பில் வெள்ளைப் பஞ்சு பரவுவதைப் பார்த்தவர்கள் ஏராளம். அது வியாதி வந்த அடையாளமில்லை. ஊற்றியது எங்கே போனது என்பதற்கான கணக்கு.

இந்த இடத்தில் சிலிக்கேட் பற்றிய ஒரு நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். “பஞ்சு வந்துவிட்டதா? தண்ணீரில் சிலிக்கேட் இருக்கிறது, அதை எடுக்கும் மீடியாவைப் போடுங்கள்” என்று யோசனை சொல்வார்கள். கடற்பஞ்சுகளில் பெரும்பான்மை இனங்கள் நீரில் கரைந்த சிலிக்காவை எடுத்துக் கண்ணாடி முட்களைச் செய்பவை என்பது உண்மைதான். ஆர்.ஓ. தண்ணீரை மேலும் சுத்தப்படுத்தும் டி.ஐ. ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வருவனவற்றில் சிலிக்காவும் ஒன்று, மீட்டரில் டி.டி.எஸ். நல்லபடியாகவே காட்டும். ஆனால் நம் சைகானின் முட்கள் சிலிக்காவால் ஆனவையல்ல, கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அந்தக் கால்சியத்தைப் பவளத்துக்காக நாமே அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். பவளத் தொட்டிகளில் தொல்லை தரும் சில நீலப் பஞ்சுகளுக்கோ முள்ளே கிடையாது. வெறும் புரத நார். ஆக, சிலிக்கேட் மீடியா சைகானையும் ஒன்றும் செய்யாது, முள்ளில்லாத பஞ்சையும் ஒன்றும் செய்யாது. வாங்குவதற்கு முன் எது வளர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு சிறு துண்டைக் கிள்ளிச் சாதாரண வினிகரில் போட்டால் சுண்ணாம்பு முட்கள் கரையும். கண்ணாடி முட்கள் அப்படியே இருக்கும்.

சைகானைப் பொறுத்தவரை என் தீர்ப்பு, விட்டுவிடுங்கள். புதுத் தொட்டியில் அது பொங்கி வந்து, தொட்டி முதிர்ந்து இரை குறையும்போது தானே அடங்கும். பவளத்தின்மேல் ஏறாது, மீனைத் தொடாது. பம்பின் வாயை அடைத்தால் மட்டும் கழுவிவிடுங்கள். கடையில் ஆரஞ்சும் சிவப்புமாக விலைகொடுத்து வாங்கும் அலங்காரக் கடற்பஞ்சுகள் பெரும்பாலும் சில மாதங்களில் பட்டினியால் செத்துப்போகின்றன. அழைக்காமல் வந்தது காசில்லாமல் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. அதை விரட்ட ஏன் இத்தனை அவசரம்?

எல்லாவற்றையும் இப்படி விட முடியாது. ஊதா கலந்த இளஞ்சிவப்பில், உள்ளே வெள்ளை நூல்கள் ஓடும் கலினுலா நெமாடிஃபெரா என்ற பஞ்சு உயிருள்ள பவளத்தின்மேலேயே படரக்கூடியது. இந்தோ-பசிபிக் கடலுக்குரிய இது மெக்சிகோவின் பசிபிக் கரையிலுள்ள இசபெல் தீவுவரை போய்க் குடியேறியிருக்கிறது. நீலப் பஞ்சுகளில் சில தம் திசுவுக்குள் சயனோபாக்டீரியாவை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் உணவு செய்துகொள்பவை. தீனியைக் குறைத்தாலும் இவை அசராது. பவளத்துக்காக மாட்டிய விலையுயர்ந்த விளக்கு இவற்றுக்கும் சேர்த்தே எரிகிறது. கிளியோனா வகையோ சுண்ணாம்பைக் கரைத்துக் குடைந்து உள்ளேயே வாழ்வது. வெளியே மஞ்சள் புள்ளிகளாகத் தெரிவதெல்லாம் அதன் நீர்வாய்கள்தாம். உடல் பாறைக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பி ஓடுகளில் காணப்படும் பொடிப்பொடித் துளைகளில் பல இக்கூட்டத்தின் வேலை. இதைச் சுரண்டி எடுத்தேன் என்று யாராவது சொன்னால், புள்ளிகளைச் சுரண்டினார் என்று பொருள்.

கடலில் இவற்றுக்கெல்லாம் அண்ணன் ஒருவன் உண்டு: டெர்பியோஸ் ஹோஷினோட்டா. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கருஞ்சாம்பல் படலம். 1973-இல் குவாம் தீவிலிருந்து வந்த ஆய்வறிக்கை இதைப் பற்றி எச்சரித்தது. முறையான அறிவியல் பெயர் 1993-இல் சூட்டப்பட்டது. எதிர்ப்பட்ட பவளத்தையெல்லாம் போர்த்திக் கொன்றுகொண்டே போகும். 2015-இல் நம் பாக் விரிகுடாவின் பவளத்திட்டிலும் பதிவாயிற்று.

சரி, கடலில் ஏன் எல்லாப் பவளமும் பஞ்சால் மூடப்பட்டுவிடவில்லை? அங்கே தின்ன ஆளிருக்கிறது. அழுங்காமையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கரீபியன் கடலில் ஆராய்ந்த ஆன் மெய்லன், அதன் உணவு ஏறக்குறைய முழுவதுமே கடற்பஞ்சுதான் என்று 1988-இல் எழுதினார். குடல் நிறையக் கண்ணாடி ஊசிகள்! ஏஞ்சல் மீன்களும் கிளிமீன்களும் கொத்தித் தின்கின்றன. ஓடில்லாத கடல் நத்தைகள் பல, தமக்கென்று ஓரிரு பஞ்சினங்களை வைத்துக்கொண்டு அவற்றையே மேய்கின்றன. ஓடவும் முடியாத, கடிக்கவும் முடியாத பஞ்சு இதற்குப் பதிலாக விஷம் காய்ச்சுகிறது. ஆனால் விஷம் செய்யச் செலவாகும். ஆகவே இரண்டு வழி: விஷத்துக்குச் செலவிட்டு மெதுவாக வளர்வது ஒன்று, விஷமின்றி வேகமாக வளர்ந்து, கடிபட்ட இடத்தை அடுத்த வாரமே நிரப்பிக்கொள்வது மற்றொன்று. ஜோசப் பாலிக்கின் குழு கரீபியன் முழுக்க முக்குளித்துப் பார்த்தபோது, மீன்பிடி மிகுந்து ஏஞ்சலும் கிளிமீனும் அற்றுப்போன இடங்களில் இந்த இரண்டாம் வகையே கோலோச்சியது. அங்கே பவளங்களைக் கடற்பஞ்சு தொட்டு நெருக்கும் அளவு, மீன்கள் காப்பாற்றப்பட்ட இடங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2015-இல் வெளியான முடிவு இது.

நம் வரவேற்பறைத் தொட்டியும் அத்தகைய இடம்தான். ஆமை கிடையாது, ஏஞ்சல் கிடையாது, சாப்பாடு மட்டும் கடலைவிடப் பல மடங்கு. தின்ன ஆளில்லாத பவளப்பாறையில் எது வேகமாக வளருமோ அது வளர்கிறது.

அப்படியானால் ஒரு ஏஞ்சலை வாங்கி விட்டால் தீர்ந்ததா? எம்பரர் ஏஞ்சல் 40 சென்டிமீட்டர் வரை வளரும். நாலடித் தொட்டி அதற்குச் சிறைக்கூடம். போதாக்குறைக்குப் பஞ்சு தீர்ந்ததும் பவளத்தைக் கொத்தும். மூரிஷ் ஐடல் அழகுதான், ஆனால் கூண்டில் சாப்பிட மறுத்து மெலிந்து சாவதற்குப் பேர்போனது. சாக்லேட் சிப் நட்சத்திரமீன் பஞ்சைத் தின்னும், கூடவே பவளத்தையும். ஓடில்லா நத்தை தன் இனப் பஞ்சு தீர்ந்த மறுநாளிலிருந்து பட்டினி. ஒரு களைக்காக ஒரு பிராணியைச் சாகக் கொண்டுவருவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கையால்தான் எடுக்க வேண்டும். எங்கே வைத்து எடுப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதற்கு 1907-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரை ஊரான போஃபர்ட்டில் எச். வி. வில்சன் ஒரு சிவப்புக் கடற்பஞ்சை நறுக்கி, மாவு சலிக்கும் நெருக்கமான பட்டுத்துணியில் முடிந்து, கடல்நீர்க் கிண்ணத்துக்குள் பிழிந்தார். துணியின் கண்கள் வழியே செல்கள் தனித்தனியாகப் பிரிந்து சிவப்புப் புகைபோல் அடியில் படிந்தன. அதோடு அந்த விலங்கு முடிந்ததென்று நினைப்போம். முடியவில்லை. செல்கள் ஊர ஆரம்பித்தன. ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டன, சிறு உருண்டைகளாயின, உருண்டைகள் இணைந்து கண்ணாடியில் பற்றிப் படர்ந்தன. நாள்கள் செல்லச் செல்ல உள்ளே கால்வாய்கள் பிறந்தன, கழுத்துப்பட்டைச் செல்கள் தம் இடத்தில் போய் நின்றன, மறுபடி நீரோட்டம். சல்லடையில் பிழிந்த விலங்கு திரும்பவும் விலங்காயிற்று. பின்னாளில் இரண்டு இனங்களைப் பிழிந்து கலந்து பார்த்தவர்கள், அந்தந்த இனத்தின் செல்கள் தம்மவர்களோடு மட்டும் சேர்வதையும் கண்டார்கள். செல்லுக்குச் செல் எப்படி அடையாளம் காண்கிறது என்ற துறைக்கே இந்தச் சோதனைகள் வாசல் திறந்தன.

தொட்டிக்குள்ளேயே பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பவர் செய்வது இதைத்தான். பவர்ஹெட் வேறு ஓடிக்கொண்டிருந்தால் துண்டுகளை அறை அறையாகப் பகிர்ந்தளித்துவிடும்.

பாறையை வெளியே எடுங்கள். பவளம் ஒட்டிய சிறு பாறையென்றால் எளிது. கையுறை கட்டாயம், சில கடற்பஞ்சுகளின் முள்ளும் நச்சும் தோலில் நாள்கணக்கில் எரியும். ஒரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றிலும் அதே. முதல் பக்கெட்டில் சுரண்டல்: மழுங்கிய கத்தி, இடுக்கி, பிரஷ். இரண்டாவதில் அலசல். இரண்டு தண்ணீரும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. இடுக்குகளில் மிஞ்சுவதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளித்துளியாக வைத்து, நுரைத்து முடிந்ததும் அலசிவிடலாம். பவளத் திசுவில் படவிடாதீர்கள். வெளியே எடுக்க முடியாத பெரிய பாறையாக இருந்தால், பம்பை நிறுத்தி, சைஃபன் குழாயின் நுனியாலேயே சுரண்டி, உதிர்வதை அப்போதே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். சிறு திட்டு என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்துப் பூசி மூச்சை அடைப்பதும் உண்டு. கல்க்வாசர் என்று டப்பாவில் விற்கும் சுத்தமான பொடியை வாங்குங்கள், வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேட வேண்டாம். ஒரே நாளில் நிறையப் பூசினால் பி.எச். எகிறும். ஒளியில் வாழும் நீலப் பஞ்சுக்கு, கறுப்புப் பிளாஸ்டிக்கால் அந்த இடத்தை மட்டும் சில வாரங்கள் மூடிவைப்பது நல்ல வழி. குடைபவன் புகுந்த பாறையை மட்டும் முழுதாகக் கழிக்க வேண்டியதுதான்.

இரண்டு எச்சரிக்கை. எதை ஊற்றினால் தொட்டியிலுள்ள பஞ்செல்லாம் ஒரே இரவில் சாகும் என்று கேட்காதீர்கள். செத்தால் அழுகும். அழுகினால் ஆக்ஸிஜன் இறங்கும், அம்மோனியா ஏறும். கூடவே அதன் வேதிப்பொருள்களும் தண்ணீரில் கலக்கும். அவை லேசுப்பட்டவையல்ல. 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் கரீபியன் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட விநோத நியூக்ளியோசைடுகளின் வழிகாட்டலில் பிறந்ததுதான் ரத்தப் புற்றுக்கு இன்றும் தரும் சைட்டராபின். ஜப்பானியக் கடற்பஞ்சான ஹாலிகோண்ட்ரியா ஒகடாயிலிருந்து 1986-இல் அறியப்பட்ட ஹாலிகோண்ட்ரின், பின்னர் எரிபுலின் என்ற மார்பகப் புற்று மருந்துக்கு மூலமாயிற்று. புற்றுச் செல்லையே நிறுத்தும் சரக்கு மூடிய 400 லிட்டரில் அவிழ வேண்டாம். பெரிய திட்டை அகற்றிய நாளில் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

அடுத்தது: எந்தப் பூச்சியை ஒழிப்பதற்காகவும் லைவ் ராக்கைக் கொதிக்கவைக்காதீர்கள். பாறையில் சோவான்திட் எனும் பூப்போன்ற சிறு பிராணிகள் ஒட்டியிருக்கலாம். அவற்றில் சில வகைகளிலுள்ள பாலிடாக்ஸின், அறியப்பட்ட கொடிய இயற்கை நஞ்சுகளில் ஒன்று. கொதிநீராவியோடு அது மூச்சில் ஏறி, வீட்டிலிருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

சுரண்டிய பிறகும் தீனிக் கணக்கு மாறாவிட்டால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான். உறைந்த உணவைச் சல்லடையில் அலசிச் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். ஸ்கிம்மர் கிண்ணத்தை வாராவாரம் கழுவுங்கள். வோட்கா, வினிகர் டோசிங்கைப் பாதியாக்குங்கள். நைட்ரேட் உடனே ஏறாது. எத்தனை பஞ்சு இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு பவளத்தின் ஓரத்தை எது தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மட்டும் வாரத்துக்கொரு முறை பாருங்கள். தொடுவதை எடுங்கள், மற்றதை விடுங்கள்.

எடுத்ததை என்ன செய்வது என்பதிலும் பொறுப்பு வேண்டும். கடலில் வந்தது கடலுக்கே போகட்டும் என்று மெரினாவிலோ மண்டபத்திலோ கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். உங்கள் பாறை எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் பாசி பவளத்தின்மேல் ஏறி மூடியதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். பஞ்சுத் துண்டுகளை வெயிலில் முழுக்கக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். அலசிய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள்.